கல்யாணியில் ஒரு சுத்த மத்தியமம்

சென்னையில் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவிலே, ஒரு மாடிப்படிக்கு அடியில் மேஜை ஒன்றையும் சால்டரிங் அயர்ன் ஒன்றையும் போட்டுக்கொண்டு கணினி பழுது பார்க்கத் தொடங்கிய நாள் முதலாக என்னிடம் வந்து சேர்ந்த யந்திரங்கள் பெரும்பாலும் ‘ஓடவில்லை’ என்ற ஒரே புகாரோடு வந்தவை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை ஒருவர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, ‘இது ஓடுகிறது, ஓடுவது தெரியாமல் ஓடவேண்டும்’ என்று கேட்டது 2011-ஆம் வருஷம் கார்த்திகை மாதக் கடைசியில்தான்.

அவர் திருவல்லிக்கேணிவாசி, ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாகச் சேர்த்த கச்சேரி கேசட்டுகளை, பிசுக்கேறி நாடா அறுந்துபோவதற்குள் காப்பாற்றிவிட வேண்டும் என்ற கவலையில், வெளிநாடு போன மகன் விட்டுச் சென்ற பெண்டியம் 4 கணினியில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். பதிகிற வரையில் யந்திரம் உள்ளறையில் இருந்தது, யாருக்கும் தொந்தரவில்லை. கேட்பதற்காகக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த பிறகுதான் வில்லங்கம் ஆரம்பமாயிற்று.

“தம்பி, நேற்று ராத்திரி கல்யாணி போட்டேன். பாடுகிறவர் பிரதி மத்தியமம் பிடிக்கிறார். இது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சுத்த மத்தியமம் பிடிக்கிறது. நான் யாரைக் கேட்பது, சொல்லுங்கள்” என்றார்.

ரசிகர்கள் எதையும் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்வார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்தது எவ்வளவு தவறு என்பது பத்து நாளைக்குப் பிறகு தெரிந்தது.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் கணினி இவ்வளவு சப்தம் செய்யும் பிராணியாக இருக்கவில்லை. 386 என்று வழங்கிய யந்திரங்களில் மூளையான சில்லுக்குத் தனியாக விசிறியே கிடையாது. பவர் சப்ளையில் ஒன்று சுற்றும், அவ்வளவுதான். 486-இன் வேகமான வகைகளில் அலுமினியத் துடுப்புகள் வந்தன. 1993-இல் வெளியான பெண்டியத்தோடு அதன் தலைமேல் விசிறியும் நிலையாக ஏறி உட்கார்ந்தது. 2004-இல் பிரெஸ்காட் என்ற பெயரில் வந்த பெண்டியம் 4, ஒரு பெரிய தபால்தலை அளவுக்கும் குறைவான இடத்திலிருந்து 80 வாட்டுக்கு மேல் உஷ்ணத்தைக் கக்கியது. பெரியவருடைய யந்திரம் அந்த வம்சத்தது. வேகம் கூடக் கூட உஷ்ணமும், உஷ்ணம் கூடக் கூடக் காற்றும், காற்று கூடக் கூட இரைச்சலுமாக, கணக்கெழுதும் யந்திரம் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் மாவு மில் ஆகிவிட்டது.

ஆயினும், மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் திடீரென்று ஏன் பொறுக்க முடியாததாயிற்று என்ற கேள்விக்கு யந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்து விடை காண முடியாது. அந்த வீட்டுக் கூடத்துக்கே போனேன். பெரியவரின் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கேளாமலே விஷயத்தைச் சொன்னார்: “ஃபேனை நிறுத்தினதிலிருந்துதான் இந்தச் சத்தம்.” மேலே நிமிர்ந்து பார்த்தேன். உஷா ஃபேன் காலத்துக்கு முந்தியதோ என்று தோன்றும்படியான கனத்த மின்விசிறி ஒன்று அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து மாதமும் ஐந்தாம் எண்ணில் சுழன்று அறை முழுவதையும் தன் ஓசையால் நிரப்பியிருந்த அது, மார்கழிக் குளிரை முன்னிட்டு ஓய்வெடுக்கத் தொடங்கியதும், அதன் மறைவில் ஒளிந்திருந்த சிறிய விசிறிகளெல்லாம் வெளியே வந்து பாட ஆரம்பித்துவிட்டன. கச்சேரி கேட்கும் மாதமும் மின்விசிறி நிற்கும் மாதமும் ஒன்றாயிருப்பது சென்னை ரசிகரின் பாக்கியமா, துரதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூடத்தில் வைக்கும் கணினிக்கு அந்த மாதமே பரீட்சை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

கடையிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றால், ரிச்சி தெருவின் ஹாரன் சப்தத்தில் பன்றியே கத்தினாலும் கேட்காது. ஆகையால் இரவு ஒன்பதரை மணிக்கு மேல், தெரு அடங்கிய பின், அந்தக் கூடத்திலேயே தரையில் உட்கார்ந்து வேலை செய்ய நேர்ந்தது. முதல் வேலை கேட்பது. கேபினட்டின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் விசிறியின் நடுவட்டத்தில், இறக்கையில் படாமல், விரலை மெல்ல ஊன்றி இரண்டு விநாடி நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்த விசிறி நிற்கும்போது அறை ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிறதோ அதுவே முதற் குற்றவாளி. குற்றவாளியைப் பிடிக்காமல் கண்ணில் பட்ட விசிறியை மாற்றுவது வீண் செலவு. ஒரே அளவு சப்தமுள்ள இரண்டு விசிறிகளில் ஒன்றை அடியோடு எடுத்துவிட்டாலும் மொத்தத்தில் 3 டெசிபல்தான் குறையும். ஆனால் சப்தம் பாதியாயிற்று என்று காது ஒப்புக்கொள்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். பெரிய சப்தம் இருக்கும்போது சிறியதை நீக்கினால் நீக்கினதே தெரியாது. பெரியதை நீக்கினாலோ, அதுவரை கேட்காத சிறியது புதிதாக வந்தாற்போல் கேட்கும். வாடிக்கைக்காரர், ‘நீங்கள் கைவைத்த பிறகுதான் இந்தக் கிர்ர் சத்தம் வந்தது’ என்று சண்டைக்கு வருவார். இந்தத் தொழிலில் பாதி அந்தச் சண்டையைச் சமாளிப்பதுதான்.

உள்ளே விசிறிக்கும் ஹீட் சிங்க் துடுப்புகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு ஒன்றை அளவெடுத்து வெட்டி வைத்தாற்போலத் தூசு படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தபோது ஒரே தகடாகக் கையோடு வந்தது. அதில் சாம்பிராணி வாசனை அடித்தது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்த யந்திரமாதலால், புகையின் பிசுக்கும் சமையலறைத் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தூசை ஒட்டவைத்திருந்தன. பின்பக்கத்து மூலையில் இரண்டு பல்லி முட்டைகள் வேறு. இந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்ட சில்லு காற்றுக்காகத் தவிக்க, அதன் விசிறியின் நடுவே உள்ள உஷ்ண உணரி உள்ளே சூடு ஏறுவதைக் கண்டு வேகத்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. புளோயரால் ஊதி (ஊதும்போது விசிறி இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் அது சுழன்று, தானே மின்சாரம் உண்டாக்கி மதர்போர்டுக்குள் அனுப்பிவிடக்கூடும்), காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்டை ஸ்பிரிட்டால் துடைத்து, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாகப் புதிய பசையை வைத்து மூடினேன். அந்த ஒரு காரியத்திலேயே சில்லின் விசிறி அடங்கிவிட்டது. செலவு, முப்பது ரூபாய்ப் பசைதான்.

அது அடங்கியதும் மற்றது எழுந்தது. கேபினட்டின் பின்புறத்தில் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்று, வேகம் கூடாமலும் குறையாமலும் ஒரே ஸ்தாயியில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்து ஒரு கட்டையில் வைத்துவிட்டு, “இப்போது கேளுங்கள்” என்றார். பயாஸ் திரையில் அந்த விசிறியின் வேகத்தைப் பார்த்தேன்: நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றே இப்படி அப்படி. விநாடிக்கு 50 சுற்று, இறக்கைகள் ஏழு, ஒவ்வோர் இறக்கையும் சட்டத்தின் குறுக்குக் கம்பியைக் கடக்கும்போது காற்றில் ஓர் அடி, ஆக விநாடிக்கு 350 அடி. ஒரு கட்டைச் சுருதியில் தார ஷட்ஜம் 262 அதிர்வு. அதற்கு மூன்றில் நான்கு மடங்கான சுத்த மத்தியமம் 349. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கடையில் அவர் எதிரே சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கல்யாணிக்கு வேண்டியது பிரதி மத்தியமம். அந்த ராகத்தின் உயிரையே அந்த எண்பது ரூபாய் விசிறி இரவெல்லாம் மறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

விசிறியின் சப்தத்தைக் குறைக்க வேகத்தைக் குறைப்பதே ராஜமார்க்கம். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது. சப்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடுகிறது. இழப்பு கொஞ்சம், லாபம் அபாரம். இதற்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த யுக்தி ஒன்று உண்டு. பவர் சப்ளையிலிருந்து வரும் நாலு கம்பி இணைப்பியில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள கறுப்பு இரண்டும் பூஜ்யம். விசிறியின் சிவப்புக் கம்பியை மஞ்சளிலும், கறுப்புக் கம்பியைக் கறுப்புக்குப் பதிலாக 5 வோல்ட் சிவப்பிலும் செருகினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 7 வோல்ட்டில் அது சாவதானமாகச் சுழலும். ஆனால் பழைய விசிறியில் இதைச் செய்யலாகாது. எண்ணெய் வற்றிய ஸ்லீவ் பேரிங், 12 வோல்ட் கொடுத்தால் முனகிக்கொண்டாவது எழுந்திருக்கும். 7 வோல்ட் கொடுத்தால் சில நாள் எழும், சில நாள் எழாது. எழாத நாளில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் புதிய விசிறியாக வாங்கி, பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டு, பத்து முறையும் தானாகக் கிளம்புகிறதா என்று பார்த்தபிறகே பொருத்தினேன்.

எண்ணெய் என்றதும் ஒரு விஷயம். விசிறியின் ஒட்டுத் தாளை உரித்து உள்ளே ஒரு சொட்டு விடுவது நல்ல வைத்தியம்தான். சில மாதங்களாவது தாங்கும். அந்தச் சொட்டு தையல் மெஷின் எண்ணெயாக இருக்க வேண்டும். வீட்டிலிருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் வஸ்து. மார்கழி விடியற்காலையில் குளியலறைப் பாட்டிலில் அது என்ன செய்கிறதோ அதையே பேரிங்கிலும் செய்யும்.

எஸ்.எம்.பி.எஸ். என்று நாங்கள் சொல்லும் பவர் சப்ளைப் பெட்டியிலும் ஒரு 80 மில்லிமீட்டர் விசிறி கத்திக்கொண்டிருந்தது. அதைத் திறந்து விசிறியை மட்டும் மாற்றலாம், நான் மாற்றியிருக்கிறேன், ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கன்டென்சர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டை மடியில் கட்டி வைத்திருக்கும். ஒரு முறை முழங்கை வரையில் வாங்கியிருக்கிறேன். ஆகவே பெட்டியையே மாற்றி, அடிப்புறத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள புதியது ஒன்றைப் போட்டேன். 120-இன் பரப்பு 80-இன் பரப்பைப்போல் இரண்டேகால் மடங்கு. அதே காற்றைத் தள்ள அது மெதுவாகச் சுற்றினால் போதும். அத்துடன், அந்தக் கேபினட்டில் அது சில்லுக்கு நேர்மேலே அமைந்து, எழும்பும் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொண்டது.

இனி ஹார்டு டிஸ்க். நிமிஷத்துக்கு 7200 சுற்று, விநாடிக்கு 120. இது காற்றில் செய்யும் சப்தம் அற்பம். நாலு திருகால் தகரத்தோடு தகரமாய் முடுக்கப்பட்டிருப்பதால் கேபினட் முழுவதையும் மேளமாக்கிவிடுவதே அதன் குறும்பு. கையில் தூக்கிப் பிடித்தால் மௌனம், தட்டில் வைத்தால் ‘ம்ம்ம்’ என்ற முக்கல். புதுப்பேட்டைக்கு நடந்துபோய், பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வாங்கி வந்து, விரற்கடை அகலத்துக்கு வளையங்களாக வெட்டி, சி.டி. டிரைவ் வைக்கும் அகன்ற அறையில் குறுக்காக இழுத்துக் கட்டி, அதன் நடுவே டிஸ்கைத் தொட்டிலில் குழந்தையைப் போலத் தொங்கவிட்டேன். எங்கும் தகரத்தில் படவில்லை. நாலு பக்கமும் காற்று. எழுதும்போதும் படிக்கும்போதும் அது செய்யும் ‘கறக் கறக்’ ஓசைக்கு வேறு மருந்து. அந்தக் காலத்து டிஸ்குகள் பலவற்றில் தலையை மெதுவாக நகர்த்தும்படி ஆணையிடும் வசதி உண்டு; 254 என்றால் வேகம், 128 என்றால் சாந்தம். 128 கொடுத்தேன். பாட்டுக் கேட்பவருக்கு வேகம் எதற்கு?

இவ்வளவும் செய்து யந்திரத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் பரம நிசப்தம். அதற்குரிய தேக்குமர டி.வி. ஸ்டாண்டின் மேல் தூக்கி வைத்ததும் மறுபடியும் முக்கல். கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஸ்டாண்டின் பக்கத்துப் பலகையை விரலால் தட்டிக் காட்டினார். உள்ளே வெற்றிடமுள்ள தேக்குப் பெட்டி. வீணைக்குக் குடம் எதுவோ அதுவே இதற்கு அந்த ஸ்டாண்ட். தொங்கும் டிஸ்கிலிருந்தும் விசிறிகளிலிருந்தும் கசிந்த சொற்ப அதிர்வை வாங்கி, வளர்த்து, கூடத்துக்கு விநியோகம் செய்துகொண்டிருந்தது. கிரைண்டருக்குப் போடும் ரப்பர்க் கால் நாலு வாங்கிக் கேபினட்டின் அடியில் ஒட்டியதும் வீணை ஊமையாயிற்று. யூ.பி.எஸ்ஸை நீண்ட ஒயர் போட்டு அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டோம்.

கேபினட்டின் உட்சுவரில் மெத்தை ஸ்பாஞ்சை ஒட்டினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் ஒட்டியவன்தான். மெல்லிய ஸ்பாஞ்சு கீச்சென்ற மேல் ஓசையைக் கொஞ்சம் தின்னும். அடித்தொண்டை முக்கலை ஒன்றும் செய்யாது. உஷ்ணத்தை மட்டும் பத்திரமாகப் பாதுகாக்கும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் கார் கதவுக்கு உள்ளே ஒட்டுகிறார்களே, கனமான தார் ஷீட், அதில் ஒரு சாண் துண்டைப் பக்கத்து மூடியின் நடுவில் ஒட்டினால் தகரம் அதிர்வதாவது நிற்கும்.

மார்கழி முழுவதும் பெரியவர் கல்யாணி கேட்டார். நானும் என் சாமர்த்தியத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் வந்தது. ஒரு நாள் பிற்பகல் போன் அடித்தது. “தம்பி, பாடுகிறவர் திக்குகிறார்.” ஓடினேன். பல்லவியின் நடுவில் பாட்டு வெட்டி வெட்டி வந்தது. பத்து நிமிஷத்தில் யந்திரம் தானே அணைந்துவிட்டது.

குற்றம் என்னுடையது. தூசு துடைத்ததும் சில்லின் விசிறி அடங்கியதே, அதோடு விட்டிருக்க வேண்டும். அது தன்னிஷ்டப்படி எப்போதாவது வேகம் கூடுவதும் குறைவதுமாக இருந்தது பிடிக்காமல், அதன் உணரியைக் கழித்துக்கட்டி, ஒரே மந்தகதியில் ஓடும்படி கட்டிப்போட்டிருந்தேன். வேலை செய்த இரவில் கூடத்தில் 25 டிகிரி. இந்தப் பிற்பகலில் 36. அறைக் காற்றில் 11 டிகிரி ஏறினால் சில்லும் அதே 11 டிகிரி ஏறத்தான் செய்யும். எல்லையைத் தொட்டதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள இடையிடையே வேலையை நிறுத்தியது, அதுதான் திக்கல். அதுவும் போதாமற்போனபோது அடியோடு அணைந்தது. பெண்டியம் 4 அந்த அளவுக்காவது சுயபுத்தி உள்ளதாயிருந்ததால் பிழைத்தோம்.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே அந்தக் கனத்த மின்விசிறி ஐந்தாம் எண்ணில் ஹோவென்று சுழன்றுகொண்டிருந்தது. என் மடமை அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. யந்திரத்துக்கு அதிகக் காற்று தேவைப்படும் மாதமும், அது எவ்வளவு கத்தினாலும் காதில் விழாத மாதமும் ஒன்றே. வெளியே மின்விசிறி ஓய்ந்திருக்கும் மாதத்தில் உள்ளேயும் விசிறிக்கு வேலை குறைவு. உஷ்ணத்துக்குத் தக்கபடி வேகம் கூட்டிக் குறைக்கும் அந்தச் சிறிய உணரி, இந்தக் கூடத்தின் பருவங்களை என்னைவிட நன்றாக அறிந்திருந்தது. அதை நான் வாயடைத்துப் போட்டிருந்தேன். கம்பியைப் பழையபடி சால்டர் செய்து, வேகத்தின் அதிகாரத்தை உணரியிடமே ஒப்படைத்தேன். கூலி வாங்கவில்லை; பெரியவர் வற்புறுத்தியும் வாங்கவில்லை. அன்று முதல், எந்த வீட்டுக் கூடத்துக்கு யந்திரத்தை அமைத்துக் கொடுத்தாலும் மார்கழி ராத்திரியில் கேட்டுப் பார்ப்பதோடு, கடையில் மூடியை மூடி, காற்றுத் துவாரத்தின் எதிரே ஹேர் டிரையரைத் தள்ளி வைத்து, செயற்கையாக ஒரு சித்திரையை உண்டாக்கி இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அந்தப் பெண்டியம் 4 இன்னும் ஐந்து மார்கழிகளைப் பார்த்தது. பிறகு மதர்போர்டில் கன்டென்சர்கள் தலை உப்பிக் கசிந்து ஓய்ந்துபோயிற்று. அதற்கு வைத்தியம் பார்ப்பதைவிடச் சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. பூட்டிய சின்ன யந்திரம் ஒன்றை வாங்குவது லாபம் என்று நானே சொல்லிவிட்டேன். சைக்கிள் டியூப் தொட்டிலில் கிடந்த ஹார்டு டிஸ்கில் ஒரு கச்சேரியும் கெடவில்லை. எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் இரைகிற பழைய யந்திரம் ஒன்று இருக்குமானால், புதிய விசிறி வாங்கக் கிளம்புவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ் ஒன்றால் தூசைத் தட்டிப் பாருங்கள். பங்குனி முடிவதற்குள் செய்தால் நல்லது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள்.